மெத்துனா எது மாதிரி?

எனக்குத் தம்பி பிறந்த செய்தியை அப்பா லோரியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற வழியில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கி, சன்னல் வழியே தலையை நீட்டி, "பாப்பா, தம்பி பொறந்துட்டான்!" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் லோரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. வெட்டிய குலை காத்திருக்காது, அன்றே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தம்பியும் காத்திருக்கவில்லை. தீபாவளி நேரத்துக்கு வருவான் என்று எல்லாரும் சொல்லிவைத்திருந்தார்கள். அவனோ நாங்கள் பள்ளியில் ஆகஸ்டில் வரும் மலேசியத் தேசிய தினத்துக்குக் காகிதக் கொடி ஒட்டிக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டான்.

பக்கத்து வீட்டு அக்கா "இப்பவேவா!" என்று நெஞ்சில் கை வைத்தார். சந்தோஷத்தில் வைத்த கை என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது ஏழு வயது. ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில், தம்பியோ தங்கையோ இல்லாத ஒரே பிள்ளை நான்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் இடுப்பில் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் விளையாட வருவார்கள். நான் மட்டும் வெறும் இடுப்போடு திரிந்தேன். அந்தக் குறை தீர்ந்தது என்று லயம் முழுவதும் ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா குளித்து, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குக் கிளம்பினார். அம்மாவும் தம்பியும் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நானும் தலை வாரி, பவுடர் போட்டுத் தயாராக நின்றேன்.

"சின்னப் பிள்ளைங்களை உள்ள விடமாட்டாங்க பாப்பா."

"தம்பி என்னைவிடச் சின்னப் பிள்ளைதானே? அவனை மட்டும் எப்படி விட்டாங்க?"

அப்பா மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். பொதுவாகவே அவரிடம் பதில்கள் குறைவு. அப்பா பேசத் தெரியாதவர் இல்லை. லோரியைப் பற்றி என்றால் பேசுவார். கியர் எப்படி முனகுகிறது, மழை பெய்த பாதையில் டயர் எப்படி வழுக்குகிறது என்று அவர் சொல்லும்போது நாமே லோரிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஆனால் மனிதர்களைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்காங்க" என்பார். இறந்துபோனவர்களைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருந்தாங்க" என்பார். அவ்வளவுதான்.

அவர் திரும்பி வந்தபோது நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி எப்படிப்பா இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"எப்படி நல்லா இருக்கான்?"

"சின்னதா இருக்கான்."

"தொட்டா எப்படி இருக்கும்?"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "மெத்துனு இருக்கும்" என்றார்.

"மெத்துனா எது மாதிரி?"

அப்பா கூரையைப் பார்த்தார். வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் மெத்தென்று எதுவும் அகப்படவில்லை. கடைசியில், "நல்லாப் பழுத்த செம்பனைப் பழத்தை அமுக்கினா எப்படி இருக்கும், அது மாதிரி" என்றார்.

"அது கொழகொழன்னுல்ல இருக்கும்? எண்ணெய் ஒழுகும்!"

"நாளைக்கு நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று அப்பா தப்பித்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையால் அவர் வசமாக மாட்டிக்கொண்டதை அன்றைக்கு அவர் அறிந்திருக்க மாட்டார்.

மறுநாள் சபாக்கிலிருந்து அத்தை வந்து இறங்கினார். அப்பாவின் அக்கா. அம்மா வரும்வரைக்கும் எனக்குச் சமைத்துப் போட வந்தவர், கையோடு ஒரு கோழியையும் கொண்டுவந்திருந்தார். அடைகாக்கிற கோழி. கூடையில் அது உட்கார்ந்திருக்க, முட்டைகளைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். கோழிக்கும் டிக்கெட் வாங்கு என்று பஸ்காரர் கேட்டாராம். "குஞ்சு பொரிச்சதும் மொத்தமா வாங்கிக்கிறேன்லா, இப்ப வண்டியை எடு" என்றாராம் அத்தை. அடுப்படி மூலையில் கூடையை வைத்து மறுபடி முட்டைகளை அடுக்கியதும், ஒன்றும் நடக்காதது போலக் கோழி இறகை விரித்து உட்கார்ந்துகொண்டது.

அத்தை அப்பாவைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். இதனால் வீட்டில் பெரிய குழப்பம். "தம்பி பால் குடிச்சானாம்மா?" என்று அத்தை யாரிடமோ கேட்டால், அப்பா எதற்குப் பால் குடிக்க வேண்டும் என்று நான் யோசிப்பேன்.

என்னுடைய கேள்வி அத்தைக்குப் பிடித்துப்போனது. தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, "பச்சப் புள்ளைன்னா மொழுமொழுன்னு இருக்கும்டி மருமகளே" என்றார்.

"அப்பா மெத்துனுதான் சொன்னாரு."

"மெத்து வேற, மொழுமொழு வேற. மெத்துங்கிறது தலகாணி. மொழுமொழுங்கிறது உரிச்ச முட்டை. உங்கப்பன் எதைச் சொன்னான்னு சரியாக் கேளு."

அன்று முதல் எங்கள் வீட்டில் இது பெரிய வழக்காகிவிட்டது. அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நானும் அத்தையும் கேள்வியைக் கொடுத்தனுப்புவோம். புசுபுசுவா, வழுவழுவா? கன்னம் தளதளன்னு இருக்கா, பொதபொதன்னு இருக்கா? திரும்பி வந்ததும் அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். பாவம், அவர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பார் போல. "காதுல முடி இருக்கு பாப்பா. புது டயர்ல சின்னச் சின்னதா ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்குமே, அது மாதிரி, ஆனா மெல்லிசா" என்றார் ஒருநாள். நான் உடனே லோரி கொட்டகைக்கு ஓடிப் புது டயரைத் தேடினேன். அந்த ரப்பர் முடிகளை விரலால் வருடியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் தம்பியின் காது!

இன்னொரு நாள் வெறும் வார்த்தை வேண்டாம் என்று முடிவு செய்தோ என்னவோ, வரும் வழியில் காப்பாரில் ஒரு சீனர் கடையில் பாவ் வாங்கி வந்தார். ஆவியில் வேகவைத்த, வெள்ளை வெளேரென்ற உருண்டை ரொட்டி. சூடு ஆறாமலிருக்கச் சட்டைக்குள்ளே வைத்துக் கொண்டுவந்திருந்தார். என் கையில் கொடுத்து, "கண்ணை மூடிக்கிட்டுத் தொடு. கன்னம் இப்படித்தான்" என்றார்.

தொட்டேன். அழுத்தினால் உள்ளே போய், விரலை எடுத்தால் மெல்ல மேலே வந்தது. லேசான ஈரம். மேலே ஒரு மெல்லிய தோல். கன்னத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். தம்பி வெதுவெதுப்பாக இருந்தான்.

"சாப்பிடுடி, ஆறிடும்" என்றார் அத்தை.

தம்பியை யாராவது சாப்பிடுவார்களா? துண்டில் சுற்றித் தலையணைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு தூங்கினேன். காலையில் அத்தை போட்ட அலறலில்தான் விழித்தேன். தம்பியை எறும்பு மொய்த்திருந்தது. பாயிலும் என் தலைமுடியிலும் எறும்பு. அத்தை என்னைக் குழாயடியில் நிறுத்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். "பாவைக் கட்டிப்புடிச்சுத் தூங்குற பொண்ணை எந்த ஊர்லயும் பார்த்ததில்ல!" என்று திட்டிக்கொண்டே ஊற்றினார். நான் எறும்புக்கடிக்காக அழவில்லை. கன்னம் போயிற்றே என்றுதான் அழுதேன்.

அப்புறம் தலை. தம்பியின் தலை வெல்வெட் மாதிரி இருக்கிறது என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. "கிராணி வீட்டு சோபா" என்றார்.

தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற கிராணியின் வீட்டில் சிவப்பு சோபா இருப்பது லயத்துக்கே தெரியும். உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை. வேலையாகப் போகிறவர்கள் வாசலோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் மறுநாள் பள்ளி விட்டதும் நேராக அங்கே போய், தண்ணீர் வேண்டும் என்றேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த கிராணி வீட்டு அம்மா எழுந்து உள்ளே போனார். நான் சோபாவில் ஏறினேன்.

அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. வியர்த்த என் கால் அதில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. எடுத்தால் பர்ர் என்று சத்தம். உறைக்குள்ளே சிவப்பு தெரிந்தது, கைக்கு மட்டும் எட்டவில்லை. தடவித் தடவிப் பார்த்ததில் பின்பக்கம் தையல் விட்டிருந்த ஓர் இடம் அகப்பட்டது. அதில் ஒரு விரலை நுழைத்தேன்.

இன்றுவரை அந்த விரலுக்கு அது மறக்கவில்லை. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் தடவினால் நாய்க்குட்டி சிலிர்ப்பது போல எழுந்து நின்றது. தடவிய இடம் கறுத்து, திருப்பித் தடவினால் வெளுத்தது. சத்தம்கூட இருந்தது, காதை வைத்தால் மட்டும் கேட்கிற சத்தம், உஸ்ஸ் என்று.

"அங்க என்ன பண்ற?"

கிராணி வீட்டு அம்மா தண்ணீர் கிளாசோடு நின்றார். விரலை வெளியே எடுக்க வரவில்லை. மாட்டிக்கொண்டது.

"எங்க தம்பி தலை எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்" என்றேன்.

நான் எதிர்பார்த்த அடி விழவில்லை. அவர் கிளாசை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து, என் விரலை மெதுவாக விடுவித்தார். "தம்பி எப்படி இருக்கானாம்?" என்று கேட்டார். அந்த நாட்களில் எல்லாரும் இதை ஏனோ குரலைத் தாழ்த்தியே கேட்டார்கள்.

"இது மாதிரிதான் இருக்கானாம். எங்கப்பா சொன்னாரு."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலிபோல ஒற்றையாக இருந்த சோபாவின் உறையை அவிழ்த்து, முழுதாக உருவிக் கீழே போட்டார். "உட்காரு. நல்லாப் பார்த்துக்க" என்றார். நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், முழங்காலை வைத்துப் பார்த்தேன், கடைசியில் குப்புறப் படுத்தே பார்த்துவிட்டேன். அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையால் தடவிக்கொண்டிருந்தார். வாங்கிய நாளிலிருந்து அவரும் அதைத் தொட்டதில்லை என்பது போலத்தான் இருந்தது அவர் முகம்.

அதற்கப்புறம் ஒருநாள் நல்ல மழை. அப்பா தொப்பலாக நனைந்து வந்தார். நான் கேள்வியோடு ஓடினேன். "தம்பி உள்ளங்கால் எப்படிப்பா இருந்துச்சு?"

"இன்னைக்கு வேணாம் பாப்பா" என்றார்.

அத்தை வானொலியை நிறுத்திவிட்டு என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டில் அப்பா கையை வைத்தார், எடுத்தார், வைத்தார். அத்தை சாமிப் படத்துக்கு முன்னால் நின்று மஞ்சள் துணியில் எதையோ முடிந்தார். எனக்குக் கோபம். உள்ளங்காலைப் பார்க்க மறந்துவிட்டு வந்ததற்கு இவ்வளவு நாடகமா என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் அப்பா லோரி எடுக்கவில்லை. விடிந்ததும் கிள்ளானுக்குப் போய்விட்டார். சனிக்கிழமையாதலால் நான் வீட்டிலிருந்தேன். உச்சி வெயிலில், தோட்டத்துப் பாதை திரும்புகிற இடத்திலிருந்தே மோட்டார் சைக்கிள் ஹாரன் கேட்டது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வந்தார். லயத்து நாய்கள் எல்லாம் அவரைத் துரத்திக்கொண்டு வந்தன. அத்தை கரண்டியோடு வாசலுக்கு ஓடினார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அத்தை அந்தக் கரண்டியோடேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாப்பா, இன்னைக்கு என்ன வேணும்னாலும் கேளு, சொல்றேன்" என்றார் அப்பா. அப்படி அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

நான் யோசித்தேன். தொடுகிறதை எல்லாம் கேட்டாயிற்று. "தம்பி அழுதா எப்படிப்பா கேக்கும்?"

அப்பாவின் உற்சாகம் சட்டென்று தடுமாறியது. கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஏதோ அசைந்தது. அப்போது அடுப்படிப் பக்கமிருந்து அத்தை, "டேய் தம்பி, இங்க வாயேன், முட்டை பேசுது!" என்றார்.

கோழி சற்று எழுந்து நின்றிருந்தது. அப்பா ஒரு முட்டையை எடுத்தார். லோரி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையில் முட்டை காணாமலே போய்விட்டது. தன் காதில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் காதில் வைத்தார். ஓட்டுக்குள்ளே, எங்கோ தொலைவில், ஒரு சின்ன உயிர் கீச், கீச் என்றது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கீச் என்றது.

"இப்படித்தான்" என்றார் அப்பா. "இப்படித்தான் பாப்பா அழுவான்."

அன்று பொழுது சாய்வதற்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. ஈரமாக, பார்க்கச் சகிக்காமல் வந்தவை, காய்ந்ததும் மஞ்சள் பஞ்சாகிவிட்டன. நாங்கள் மூன்று பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்து, "இது புசுபுசு", "இல்லை, இதுதான் மெத்து" என்று சண்டை போட்டோம். அப்பா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தம்பி வீட்டுக்கு வரும்போது குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்துவிட்டது. வாடகைக் காரில் அம்மா வந்து இறங்கினார். மெலிந்துபோயிருந்தார். மார்போடு ஒரு துணிச் சுருள். அத்தை ஆரத்தி சுற்ற, லயமே கூடி நின்றது. கிராணி வீட்டு அம்மாகூட வந்திருந்தார். அம்மா பாயில் உட்கார்ந்ததும் எல்லாரையும் விலக்கிக்கொண்டு நான் முன்னால் போனேன். கையை மூன்று தடவை கழுவியாயிற்று என்று காட்டினேன். அம்மா துணியை விலக்கினார்.

விரலை நீட்டிக் கன்னத்தைத் தொட்டேன். நெற்றியைத் தொட்டேன். காதைத் தொட்டேன். நம்ப முடியாமல் மறுபடி கன்னத்தைத் தொட்டேன். தோல் காய்ந்து பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தது.

"சொரசொரன்னு இருக்கான்!" என்று கத்தினேன்.

நான் கத்தியதில் அவன் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அந்தச் சின்ன வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆலையில் வேலை மாறும்போது ஊதுவார்களே சங்கு, அது மாதிரி. வாசலில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் ஏமாற்றப்பட்டவள் நான்.

"அப்பா! நீங்க பொய் சொல்லியிருக்கீங்க! வந்து தொட்டுப் பாருங்க!"

அப்பா கதவோரம் நின்றிருந்தார். வீட்டுக்குள் வருவதற்கே யாரோ அனுமதி தர வேண்டும் என்பது போல நின்றிருந்தார். "வாங்க" என்றார் அம்மா. அப்பா வரவில்லை. குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து பாயில் மண்டி போட்டார். உள்ளங்கையை நீட்டினார், அதன் காய்ப்பைப் பார்த்தார், கையைத் திருப்பி, விரலின் பின்பக்கத்தால் தம்பியின் கன்னத்தைத் தொட்டார்.

அழுகை நின்றது. அப்பாவின் விரல் கன்னத்திலிருந்து காதுக்குப் போயிற்று, காதிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து மறுபடி கன்னத்துக்கு.

"ஆமா பாப்பா" என்றார். "சொரசொரன்னுதான் இருக்கான்."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை, தம்பி அந்த விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா அத்தையிடம் திரும்பி மெல்லச் சொன்னார். "இன்னைக்குத்தான் அண்ணி, இவரு புள்ளையத் தொடுறாரு. அங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கத்தான் நர்ஸ் மிஸ்ஸிங்க விட்டாங்க. புள்ள அழுதாக்கூட அவருக்குக் கேக்காது. வாய் திறக்கிறது மட்டும்தான் தெரியும்."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் நான் வேறு அவசரத்தில் இருந்தேன். வழக்கில் ஜெயித்தவள் நான். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடி, லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் ஒவ்வொரு கதவிலும் நின்று சொன்னேன்.

"எங்க தம்பி சொரசொரன்னு இருக்கான்! எங்கப்பாவே ஒத்துக்கிட்டாரு!"